தூங்குகிறவருக்கும் ஓட்டு உண்டு!

ஆபீஸ் கிடையாது, கான்ஃபரன்ஸ் ஹால் கிடையாது. பல இடங்களில் முதலாளியும் கிடையாது. மூல நிரலைப் பொதுவில் திறந்து வைத்து, உலகமெங்கும் சிதறிக் கிடக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் திட்டங்கள் வெறும் எழுத்திலேயே கூட்டம் நடத்துவது எப்படி?

சான்பிரான்சிஸ்கோவில் காலை 7 மணி. பெர்லினில் மாலை 4. சென்னையில் இரவு 7.30. டோக்கியோவில் இரவு 11. ஜூன் மாதத்து வாரநாள் ஒன்றில் இந்த நான்கு ஊர்க்காரர்களும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாது. குரலும் கேட்காது. திரையில் எழுத்து மட்டும் வரிவரியாக ஏறிக்கொண்டே போகிறது. தலைவர் பொறுப்பில் இருப்பவர் ஒரு கட்டளையைத் தட்டியதும், கூட்டம் தொடங்கியதாக அறிவிப்பு வருகிறது. உடனே ஒவ்வொருவராக ஆங்கில 'ஓ' எழுத்தையும் அதன் பக்கத்தில் ஒரு சாய்கோட்டையும் தட்டுகிறார்கள். தலை ஒன்று, தூக்கிய கை ஒன்று. 'உள்ளேன் ஐயா' சொல்லியாயிற்று!

ஒரு மணி நேரம் கழித்து அதே தலைவர் இன்னொரு கட்டளையைத் தட்டுவார். கூட்டம் முடிந்தது. கையோடு கூட்டக் குறிப்பும் இணையத்தில் ஏறிவிடும். என்ன பேசினார்கள், என்ன முடிவானது, எந்த வேலை யார் தலையில் விழுந்தது, யார் எத்தனை வரி பேசினார்கள் என்பதுவரை அதில் இருக்கும்.

தொலைபேசி நிறுவனங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் தங்கள் கிளவுட் கட்டமைப்பை நடத்தப் பயன்படுத்தும் ஓப்பன்ஸ்டாக், 1993-ல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்களால் நடக்கும் டெபியன் இயங்குதளம், அதன் மேல் எழுந்த உபுண்டு, ரெட்ஹாட் ஆதரவில் வளரும் ஃபெடோரா... எல்லாமே பல்லாண்டு காலம் இப்படிக் கூடிப் பேசி வளர்ந்தவைதான். 'இதையெல்லாம் வீடியோ காலில் பேசி முடித்துவிடக் கூடாதா?' என்று கேட்கத் தோன்றும். தாராளமாக முடிக்கலாம். ஆனால், அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பவர் என்ன செய்வார்? உலகம் உருண்டையாக இருக்கும்வரை யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். அவருக்கு என்ன பதில் என்பதில்தான் சாட் கூட்டங்களின் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருக்கிறது.

பின்லாந்தில் திறந்த கதவு

1988 ஆகஸ்ட். பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் இருந்த யார்க்கோ ஒய்காரினென், 'ஊலுபாக்ஸ்' என்ற கணினித் தகவல் பலகைக்காக ஒரு நிரல் எழுதினார். பலர் ஒரே நேரத்தில் பேச அங்கு ஏற்கெனவே இருந்த ஏற்பாடு அவருக்குப் போதவில்லை. அப்படிப் பிறந்ததுதான் இன்டர்நெட் ரிலே சாட். சுருக்கமாக ஐ.ஆர்.சி. 1991-ன் தொடக்கத்தில் வளைகுடாப் போர்ச் செய்திகளும், அதே ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின் செய்திகளும் இதன் வழியே சுடச்சுட வெளிவந்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 1993 மே மாதம் இதன் விதிமுறைகள் ஆர்.எஃப்.சி. 1459 என்ற எண்ணோடு ஆவணமாயின.

ஐ.ஆர்.சி.யின் பலமும் பலவீனமும் அதன் எளிமைதான். மிக மெதுவான இணைப்பிலும் ஓடும். எந்தக் கம்பெனியிடமும் கணக்கு வாங்க வேண்டாம். பேச்சைக் கேட்டு வேலை செய்யும் 'பாட்' என்ற தானியங்கி நிரல் ஒன்றை யார் வேண்டுமானாலும் எழுதி உள்ளே விடலாம். ஓப்பன் சோர்ஸ்காரர்கள் இதை அள்ளி அணைத்துக்கொள்ள இவ்வளவு போதாதா?

மறுபக்கம், ஒரு செய்தி 512 பைட்டைத் தாண்டக் கூடாது. அனுப்புபவர் பெயர், கட்டளை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ் எழுத்தோ யு.டி.எஃப்-8 முறையில் குறியீட்டுக்கு 3 பைட் கேட்கும்; 'கொ' என்று எழுதினாலே 6 பைட் காலி. ஆகத் தமிழில் பேச வந்தவருக்கு ஆங்கிலக்காரரின் வரியில் மூன்றில் ஒரு பங்கு இடம்தான். இதைவிடப் பெரிய குறை இன்னொன்று: மூல ஐ.ஆர்.சி. சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. நீங்கள் அறையில் இல்லாத நேரத்தில் பேசியதை வேறு யாராவது சேமித்து வைத்திருந்தால்தான் உண்டு.

1990-களில் ராப் லெவின் என்ற அமெரிக்கர், லினக்ஸ் பயனர்களுக்கு உதவ ஐ.ஆர்.சி.யில் ஒரு சேனல், அதாவது அரட்டை அறை, நடத்தினார். அது வளர்ந்து 'ஓப்பன் ப்ராஜெக்ட்ஸ் நெட்வொர்க்' ஆனது. 2002-ல் 'ஃப்ரீநோட்' என்று பெயர் மாறியது. 2006 செப்டம்பரில் ஹூஸ்டனில் சைக்கிளில் போனபோது கார் மோதியதில் காயமடைந்து லெவின் இறந்தார். அவர் போன பிறகும் ஃப்ரீநோட்தான் ஓப்பன் சோர்ஸ் உலகத்தின் சந்திப்புத் திடல். 2001-ல் தொடங்கிய ஓ.எஃப்.டி.சி. என்ற வலையமைப்புக்கு 2006-ல் டெபியன் குடிபெயர்ந்தது. மற்ற பெரிய திட்டங்கள் பலவும் ஃப்ரீநோட்டிலேயே இருந்தன.

கை தூக்கிப் பேசு!

இருபது பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்தால் அது கூட்டமா, கூச்சலா? இந்தச் சிக்கலுக்குத் திட்டங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஒழுங்கை உருவாக்கிக்கொண்டன.

ஃபெடோராவின் ஐ.ஆர்.சி. கூட்டங்களில் பேச அனுமதி வேண்டுமென்றால் ஓர் ஆச்சரியக்குறி. கேள்வி கேட்க ஒரு கேள்விக்குறி. பேசி முடித்ததும் 'ஈ.ஓ.எஃப்.' என்று தட்ட வேண்டியிருந்தது. கோப்பு முடிந்தது என்பதற்குக் கணினிக்காரர்கள் சொல்லும் சுருக்கம் அது. உபுண்டு கூட்டங்களில் அதற்குப் பதில் இரண்டு புள்ளிகள். மேற்கு வங்கத்தின் துர்காபூரில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு 2008 முதல் நடத்திவரும் கோடைக்காலப் பயிற்சியும் ஐ.ஆர்.சி.யில்தான். வகுப்பு தொடங்கும்போது வருகைப் பதிவு. சந்தேகம் இருப்பவர் ஆச்சரியக்குறியைத் தட்டிவிட்டுக் காத்திருக்க, வரிசைப்படி அடுத்தவரை அழைக்கிறது ஒரு பாட். ஆசிரியரின் முகம் பார்க்காமலே பாடம் படித்தவர்கள் அங்கே ஏராளம்.

வலைத்தளங்களுக்கான தரவிதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பில் குரல்வழிக் கூட்டம் நடக்கும்போதே பக்கத்தில் ஐ.ஆர்.சி. அறையும் திறந்திருக்கும். பேசுவதை ஒருவர் உடனுக்குடன் எழுதுவார். பேச விரும்புபவர்களின் வரிசையைப் பார்த்துக்கொள்வது 'சாக்கிம்' என்ற பாட். தொலைபேசிக் கூட்டங்களை இணைக்கும் ஏற்பாட்டைத் தொழில்நுட்பக்காரர்கள் 'பிரிட்ஜ்' என்பார்கள். அதனால் பாஸ்டன் நகரத்தின் புகழ்பெற்ற சாக்கிம் பாலத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்!

டெபியன் தன் தலைவரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறது. வேட்பாளர்களின் விவாதத்தைப் பல ஆண்டுகள் ஐ.ஆர்.சி.யிலேயே நடத்தினார்கள். ஒரு சேனலில் வேட்பாளர்களும் நடுவரும் மட்டும். பார்வையாளர்கள் கருத்து சொல்ல வேறொரு சேனல். கைதட்டலும் கேலியும் மேடை ஏறாமல் இருக்க இப்படியோர் ஏற்பாடு. உபுண்டுவில் உறுப்பினராக விரும்புபவர், தான் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் பட்டியலிட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருவார். குழுவினர் கேள்வி கேட்பார்கள். பிறகு எல்லோர் முன்னிலையிலும் ஆதரவுக்கு +1, நடுநிலைக்கு 0, எதிர்ப்புக்கு -1 என்று ஓட்டு விழும். நேர்முகத் தேர்வு மொத்தமும் பொதுவில், எழுத்தில்! ஏன் சேர்த்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்பதை யாரும் பிறகு படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாடுகளின் உச்சம் 'மீட்பாட்'. ரிச்சர்ட் டார்ஸ்ட் டெபியனுக்காக எழுதிய இந்த நிரல், பிறகு உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்ஸ்டாக் என்று பரவியது. தலைவர் ஹேஷ் குறியோடு 'டாபிக்' என்று தட்டினால் புதிய தலைப்பு. 'அக்ரீட்' என்றால் முடிவு. 'ஆக்‌ஷன்' என்றால் ஒருவருக்கு வேலை ஒப்படைப்பு. கூட்டம் முடிந்ததும் இவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துக் குறிப்பாகத் தொகுத்து, முழுப் பேச்சின் பதிவையும் பக்கத்தில் வைத்துவிடும். ஊர்ச் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தைச் செயலாளர் அடுத்த வாரம் நினைவிலிருந்து எழுதுவாரே, அந்தச் சங்கடம் இங்கே இல்லை. எல்லோர் கண்ணெதிரிலும் அந்தக் கணத்திலேயே எழுதப்படுகிறது. 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று பின்னால் யாரும் நழுவ முடியாது.

யாருடைய நடுராத்திரி?

கூட்ட நேரத்தை இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் குறிப்பார்கள். 14:00 யு.டி.சி. என்றால் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இரவு 7.30. அரை மணியை மறந்துவிட்டு 7 மணிக்கே வந்து காத்திருப்பது இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் உரிய வேடிக்கை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றும். அதுவும் ஒரே தேதியில் மாற்றுவதில்லை. அந்த வாரங்களில் கூட்டம் எப்போது என்பதே குழப்பம்தான்.

கணக்கை எப்படிப் போட்டாலும் யாரோ ஒருவருக்கு நடுராத்திரி. கலிபோர்னியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தோதான நேரத்தில் ஆஸ்திரேலியா உறங்கும். ஓப்பன்ஸ்டாக்கில் சில குழுக்கள் ஒற்றைப்படை வாரத்தில் ஒரு நேரம், இரட்டைப்படை வாரத்தில் இன்னொரு நேரம் என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். கஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஒழிக்க முடியாது.

அதனால், 2017-ல் ஓப்பன்ஸ்டாக்கின் தொழில்நுட்பக் குழு ஒரு துணிச்சலான வேலை செய்தது. வாராந்திரக் கூட்டத்தையே நிறுத்தியது! அதற்குப் பதில் வாரம் மூன்று முறை குழுவினர் சேனலில் உட்கார்ந்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்றது. செவ்வாய் 09:00, புதன் 01:00, வியாழன் 15:00 யு.டி.சி. நம் நேரப்படி மதியம் 2.30, காலை 6.30, இரவு 8.30. எந்தக் கண்டத்தில் இருப்பவருக்கும் இவற்றில் ஏதோ ஒன்று விழித்திருக்கும் நேரமாக அமையும். முடிவுகளோ எழுத்தாவணமாக வைக்கப்பட்டு, பல நாள் திறந்திருந்து, ஓட்டு விழுந்த பிறகே நிறைவேறும். சில ஆண்டுகள் கழித்து வாராந்திரக் கூட்டம் திரும்பி வந்தது உண்மைதான். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதில் கிடைக்கும் வேகம் வேறு எதிலும் கிடைப்பதில்லை. ஆனால், இறுதி முடிவை அறைக்கு வெளியே எடுக்கும் வழக்கத்தை அவர்கள் விடவில்லை.

வேகமாகத் தட்டுபவர் வென்றார்

எழுத்துக் கூட்டத்தில் லாபம் யாருக்கு? முதலில், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவருக்கு. எதிராளியின் உச்சரிப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். புரியாத சொல்லை அகராதியில் பார்க்கலாம். தன் உச்சரிப்பைப் பற்றிக் கூசவும் வேண்டாம். காது கேளாதவர் சரிசமமாகப் பங்கேற்கலாம். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு பார்வையற்றவரும் கலந்துகொள்ளலாம். வீட்டில் குழந்தை தூங்கினாலும், பஸ்ஸில் பயணம் செய்தாலும் கூட்டம் கெடாது.

நட்டம்? வேகமாகத் தட்டச்சு செய்பவரே கூட்டத்தை இழுத்துக்கொண்டு போவார். யோசித்து நான்கு வரி எழுதுபவர் என்டர் தட்டுவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். ஒரு கேள்விக்கான பதில் நாலு வரி தள்ளி வந்து, நடுவில் நுழைந்த வேறொரு கேள்விக்குப் பதிலாகப் புரிந்துகொள்ளப்படும். குரலில் சிரிப்பாகத் தெரிவது எழுத்தில் குத்தலாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல் 'நெட்ஸ்ப்ளிட்' என்ற ஐ.ஆர்.சி. தொல்லை. இரண்டு சர்வர்களுக்கு இடையே தொடர்பு அறுந்தால் பாதிப் பேர் திடீரென மறைந்துபோவார்கள். மறைந்தவர்களைப் பொறுத்தவரை மறைந்தது மற்ற பாதி! இரண்டு பாதிகளும் தனித்தனியே பேசிக்கொண்டிருக்கும்.

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை இதற்கெல்லாம் கறாரான ஒரு விதி வைத்திருக்கிறது. 1999-ல் உருவான இந்த அமைப்பில் சாட் அறைக்குத் தடையில்லை. உறுப்பினர்களின் ஆண்டுக் கூட்டமே ஐ.ஆர்.சி.யில் நடந்துவந்திருக்கிறது. ஆனால், திட்டங்களின் அன்றாட முடிவுகள் மின்னஞ்சல் பட்டியலில்தான் எடுக்கப்பட வேண்டும். அங்கே பதிவாகாதது நடக்காததற்குச் சமம். ஓட்டெடுப்பு என்றால் வழக்கமாகக் குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்கும். பூமி மூன்று முறை சுற்றிவந்துவிடும். அதற்குள் எந்த நாட்டுக்காரரும் தூங்கி எழுந்து, வேலைக்குப் போய்வந்து, படித்துப் பார்த்துத் தன் ஓட்டைப் போட்டுவிடலாம். நிரலில் செய்யும் மாற்றத்துக்கு ஓட்டுரிமை உள்ள ஒரே ஒருவர் தக்க காரணத்தோடு -1 போட்டாலும் அது நின்றுவிடும். அந்த ஒருவர் சாட் கூட்டத்தில் இல்லாதவராகவும் இருக்கலாம்.

அறை யாருடையது?

2021 மே மாதம் ஓப்பன் சோர்ஸ் உலகம் ஒரு பூகம்பத்தைப் பார்த்தது. ஃப்ரீநோட்டின் பெயரில் பதிவான கம்பெனி, ஆண்ட்ரூ லீ என்ற தொழிலதிபரின் கையில் இருந்தது. நிர்வாகம் யாருடையது என்ற சண்டை முற்றியதில், சர்வர்களை நடத்திவந்த தன்னார்வலர்கள் கூண்டோடு விலகி, மே 19 அன்று 'லிபெரா சாட்' என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். ஸ்வீடனில் பதிவான லாப நோக்கற்ற அமைப்பு அது. மே கடைசியில், தங்கள் சேனல் தலைப்பில் லிபெராவைக் குறிப்பிட்டிருந்த நூற்றுக்கணக்கான சேனல்களை ஃப்ரீநோட் நிர்வாகம் கைப்பற்றியது. ஜூனில் பழைய பதிவுகளையே துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. உபுண்டு, ஃபெடோரா, பைத்தான், ஜென்டூ, விக்கிமீடியா என்று வரிசையாக லிபெராவுக்கு மாறின, ஓப்பன்ஸ்டாக் ஓ.எஃப்.டி.சி.க்குப் போனது. இருபது ஆண்டு முகவரி சில வாரங்களில் செல்லாக்காசானது. ஆனால், கூட்டக் குறிப்புகளைத் தங்கள் சொந்த சர்வரில் வைத்திருந்த திட்டங்கள் ஒரு வரியைக்கூட இழக்கவில்லை.

கம்பெனிகளின் சாட் சேவைக்குப் போனவர்களுக்கு வேறு அனுபவம். 2013-ல் வந்த ஸ்லாக் பார்க்க அழகு, பழக எளிது. வேர்ட்பிரஸ் 2014-ல் ஐ.ஆர்.சி.யை விட்டு அங்கே போனது. வாராந்திரக் கூட்டங்களை அங்கேதான் நடத்துகிறது. புதியவர்கள் தயக்கமின்றி வந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால், ஐ.ஆர்.சி. வழியாக நுழைய இருந்த வாசலை 2018 மே மாதம் ஸ்லாக் மூடியது. 2022 செப்டம்பர் முதல் இலவசக் கணக்குகளில் 90 நாள் பேச்சைத்தான் பார்க்க முடியும் என்றது. 2025 ஜூனில், குபர்நெட்டிஸ் திட்டத்துக்குத் தந்திருந்த சிறப்புச் சலுகையை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டு, பிறகு பின்வாங்கியது. அந்தச் சில நாட்களுக்குள் பல ஆண்டுப் பேச்சை எப்படிக் காப்பாற்றுவது என்று அந்தத் திட்டம் ஓடிய ஓட்டம், மற்றவர்களுக்கு ஒரு பாடம்.

மாற்று வழிகளும் வந்திருக்கின்றன. 2014-ல் தொடங்கிய மேட்ரிக்ஸ், யாரும் தங்கள் சொந்த சர்வரை நிறுவிக்கொண்டு மற்ற சர்வர்காரர்களோடு பேச வழி செய்கிறது. பழைய பேச்சையும் நினைவில் வைத்திருக்கும். 20 ஆண்டுக்கு மேல் சொந்த ஐ.ஆர்.சி. நடத்திய மொசில்லா, ஸ்லாக் உட்பட நான்கைப் பரிசோதித்துவிட்டு 2019 டிசம்பரில் மேட்ரிக்ஸைத் தேர்ந்தெடுத்தது. 2020 மார்ச்சில் பழைய சர்வரை மூடியது. ஐ.ஆர்.சி.யில் பெருகிய தொல்லைக்காரர்களும், புதியவர்களுக்கு அது போட்ட முட்டுக்கட்டையும்தான் காரணம். கே.டி.இ. என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டம் 2019-லேயே மேட்ரிக்ஸுக்கு வந்துவிட்டது. 2015-ல் ஓப்பன் சோர்ஸான ஸூலிப் வேறொரு கோணத்தில் யோசித்தது. அங்கே ஒவ்வொரு செய்தியும் ஒரு தலைப்பின் கீழ் வர வேண்டும். காலையில் எழுந்து வருபவர், இரவில் ஓடிய ஐந்து பேச்சுகளில் தனக்கு வேண்டியதை மட்டும் படித்து, நடந்து முடிந்த பேச்சிலும் பதில் போடலாம். ரஸ்ட் மொழியின் குழுக்களும், இணைய விதிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பும் ஸூலிப்பைப் பயன்படுத்துகின்றன.

சாட் கூட்டம் நடத்தப் போகிறீர்களா?

• நிகழ்ச்சி நிரலை முதல் நாளே வெளியிடுங்கள். நிரலில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்காதீர்கள்.
• நேரத்தை யு.டி.சி.யிலும் எழுதுங்கள். கிழமையையும் குறிப்பிடுங்கள், தேதிக்கோட்டுக்கு அப்பால் அது மாறிவிடும்.
• தலைவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர். இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டும் கெடும்.
• அடுத்த தலைப்புக்குப் போகுமுன் இரண்டு நிமிடம் காத்திருங்கள். மெதுவாகத் தட்டுபவர் எழுதிக்கொண்டிருக்கலாம்.
• எல்லா வேலைக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.
• குறிப்பு, முழுப் பதிவு இரண்டையும் உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் சேமியுங்கள். சாட் கம்பெனியின் நினைவாற்றலை நம்பாதீர்கள்.
• கூட்டத்தில் எடுத்த முடிவு வரைவுதான். வராதவர்களுக்கு 72 மணி நேரம் கொடுத்த பிறகே உறுதி செய்யுங்கள்.

தீர்ப்பு

கருவி எது என்பது இரண்டாம்பட்சம். ஐ.ஆர்.சி.யில் ரகசியமாக முடிவெடுத்த குழுக்களும் உண்டு. ஸ்லாக்கில் நேர்மையாகக் குறிப்பு வெளியிடும் குழுக்களும் உண்டு. சந்தேகம் தீர்க்க, சண்டையைத் தணிக்க, புதியவரை வரவேற்க, முட்டி நிற்கும் விஷயத்தை அரைமணியில் நகர்த்த சாட் அருமையான இடம். இறுதி முடிவெடுக்க அது மோசமான இடம். ஏனென்றால், அங்கே ஓட்டுரிமை அந்த நேரத்தில் விழித்திருப்பவருக்கு மட்டுமே.

மென்பொருளோடு சம்பந்தமில்லாத வாசகருக்கும் இதில் வேலை இருக்கிறது. குடியிருப்போர் சங்கம், பழைய மாணவர் மன்றம், தன்னார்வக் குழு என்று நம் எல்லோருடைய கூட்டங்களும் இப்போது வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும்தான் நடக்கின்றன. இரவு 10 மணிக்கு நான்கு பேர் பேசி முடித்ததை, காலையில் எழுந்த நாற்பது பேர் முந்நூறு செய்திகளுக்கு நடுவே தேடுகிறார்கள். இன்றிரவு உங்கள் குழுவில் ஏதாவது முடிவானால், அதை மூன்று வரியில் தனியாக எழுதிப் போடுங்கள், மூன்று நாள் மறுப்புக்குக் காத்திருங்கள், பிறகு செயல்படுங்கள்.